ஓடைக்கும் ஒரு கணக்கு உண்டு! - சோழபுரம் பகுதி நீரோடைகளின் வரலாறு

வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கும் ஒன்றை ஓடை என்று சொல்லலாமா? பஸ்ஸில் பாலத்தைக் கடப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் கொஞ்சம் மணல், நிறைய முள், ஓரத்தில் மேயும் நாலு ஆடுகள். ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், இராஜபாளையம், சோழபுரம் வட்டாரத்தில் விவசாயம் என்று ஒன்று நடப்பதற்கே இந்த வறண்ட ஓடைகள்தான் காரணம். தாமிரபரணி மாதிரியோ காவிரி மாதிரியோ புகழ் பெற்ற ஆறு எதுவும் இங்கே கிடையாது. இருப்பது ஓடைகளும் கண்மாய்களும்தான். அவை எப்படி உருவாயின, யார் காப்பாற்றினார்கள், எப்போது கைவிடப்பட்டன என்பதே இந்தக் கட்டுரை.

மலைக்கும் கரிசலுக்கும் நடுவில்

சோழபுரம் இராஜபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் செல்லும் வழியில் இருக்கிறது. பாண்டிய நாட்டுக்குள் சோழன் பெயரில் ஓர் ஊர்! 11 ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாடு சோழர் ஆட்சியின் கீழ் இருந்ததும், சோழ இளவரசர்கள் 'சோழபாண்டியர்' என்ற பட்டத்தோடு இங்கே ஆண்டதும் வரலாறு. ஊரின் மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். அடிவாரத்தில் சேத்தூர், தேவதானம். கிழக்கே போகப் போக மண் கறுத்துக்கொண்டே வரும். அதுதான் கரிசல் பூமி. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் எழுத்தில் வாழ வைத்த அதே கரிசல்.

இந்த நில அமைப்பைப் புரிந்துகொண்டால் ஓடையைப் புரிந்துகொள்ளலாம். தென்மேற்குப் பருவமழையை மலையின் அந்தப் பக்கம், அதாவது கேரளம், பெரும்பாலும் வாங்கிக்கொண்டு விடும். இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ. அளவில்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடும். சில வாரங்களில் வருவதை வருடம் முழுக்க வைத்துச் சமாளிக்க வேண்டும்.

அடிவாரத்தில் இருப்பது செம்மண்ணும் மணலும். அங்கே விழும் மழை சுலபமாகப் பூமிக்குள் இறங்கும். அதனால்தான் மலையோரம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். கரிசல் மண்ணின் குணமே வேறு. கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழை முழுவதையும் அந்த வெடிப்புகள் குடித்துவிடும். மண் நனைந்து ஊதி, வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு தண்ணீர் உள்ளே இறங்காது; மேலேயே வழிந்து ஓடும். ஆகவே கரிசல் ஓடைகளில் வெள்ளம் திடீரென்று வரும், திடீரென்று வடியும். காலையில் மணல், மாலையில் இடுப்பளவு தண்ணீர், மூன்றாம் நாள் மறுபடியும் மணல்.

மலையிலிருந்து இறங்கும் தேவியாறு, நகரியாறு, அவற்றுக்குத் தெற்கே கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஓடும் நிட்சேப நதி, வடக்கே காயல்குடி ஆறு, அர்ச்சுனா நதி என்று எல்லாம் வைப்பாற்றைச் சேர்ந்தவை. வைப்பாறு சாத்தூர் வழியாகப் போய், இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பெயர் இருக்கும் ஆறுகள் இவை. இவற்றுக்கு இடையே காடு கழனிகளின் ஊடாக ஓடும் பெயர் இல்லாத ஓடைகள் எத்தனையோ!

வரவு, இருப்பு, செலவு

இங்கே ஓடையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. ஓடையும் கண்மாயும் சேர்ந்ததுதான் ஒரு அமைப்பு. மேட்டில் பெய்யும் மழை ஓடை வழியாக, வரத்துக்கால் வழியாக முதல் கண்மாய்க்கு வரும். அது நிறைந்ததும் கலுங்கு வழியாக வழியும். 'கண்மாய் மறுகால் பாயுது' என்று ஊரே சந்தோஷப்படும். அந்த மறுகால் தண்ணீர் மறுபடியும் ஓடையாகி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊர். இப்படிச் சங்கிலித் தொடராகக் கடைசியில் மிஞ்சியதுதான் ஆற்றுக்கு.

ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி இதைப் பாருங்கள். ஓடை வரவு. கண்மாய் இருப்பு. மடை செலவு. மறுகால் என்பது அடுத்த ஊரின் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகை. கண்மாய்க்குக் கீழே உள்ள கிணறுகளில் ஊறும் தண்ணீர், இந்த இருப்புக்குக் கிடைக்கும் வட்டி. வரவு நின்றுபோனால் இருப்பு எத்தனை நாளைக்கு? மேல் ஊரில் ஒருவர் ஓடையை மறித்தால் கீழே உள்ள எல்லா ஊர்க் கணக்கும் தப்பாகும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான முறை அல்ல. இலங்கையின் வறண்ட பகுதியிலும் இதே போலக் குளங்களைத் தொடராக அமைத்திருக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு அதை உலகின் முக்கியமான பாரம்பரிய வேளாண் அமைப்புகளில் ஒன்றாக அங்கீகரித்துள்ளது.

ஓடையில் யார் யார் குடியிருந்தார்கள்?

வயலுக்கு நடுவே ஓடும் ஓடை தண்ணீர் போகும் பாதை மட்டும் இல்லை. அது ஒரு நீளமான, ஒடுக்கமான காடு. மலையடிவாரத்தில் மருதும் நாவலும் புங்கமும் கரையோரம் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் வாழும் சாம்பல் நிற மலை அணில், இப்படி ஆற்றோரம் கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரங்களையே நம்பி வாழ்கிறது. அதற்காக 1988-ல் சரணாலயம் அமைந்தது. 2021-ல் அந்தப் பகுதி மேகமலையோடு சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கீழே சமவெளிக்கு வந்தால் மரங்கள் மாறும். கரையில் பனை, நாட்டுக் கருவேல், நொச்சி. ஈரம் நிற்கும் இடத்தில் கோரை, நாணல். பனை வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். நொச்சி மாடு கடிக்காத வேலி. பனையோலை நுனியில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும், பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கமாக. மரப்பொந்தில் ஆந்தை. வயல் வரப்பில் எலி பிடிக்கும் சாரைப்பாம்பு. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் முட்டையிடுவதும் இந்த ஓடைக் குட்டைகளில்தான். விவசாயிக்குச் சம்பளம் வாங்காத வேலையாட்கள் இவர்கள் எல்லாம்!

மீன்களின் கதை இன்னும் சுவாரசியம். புதுவெள்ளம் வந்ததும் விரால், கெளுத்தி, கெண்டை எல்லாம் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். ஓடையிலிருந்து கண்மாய்க்கும், கண்மாயிலிருந்து வயலுக்கும் போய் முட்டையிடும். ஆக, ஓடையில் போடும் ஒரு தடுப்பு தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மீன் பரம்பரையையே நிறுத்துகிறது. கண்மாய் வற்றும் பங்குனி, சித்திரையில் கொக்கும் நாரையும் வந்து இறங்கும். ஊரும் கூடை, கச்சாவோடு மீன் பிடிக்க இறங்கும். பிறகு கண்மாய் வண்டல் மாட்டு வண்டியில் ஏறி வயலுக்குப் போகும். உரத்துக்கு உரம், தூர்வாரலுக்குத் தூர்வாரல்.

தண்ணீர் ஓடாத மாதங்களிலும் ஓடை சும்மா இருப்பதில்லை. மணலுக்கு அடியில் ஈரம் தங்கும். கோடையில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் குடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கரையோரக் கிணறுகள் கடைசி வரை வற்றாமல் இருந்ததற்கும் அந்த மணல்தான் காரணம்.

கல்வெட்டு சொல்லும் சேதி

இந்த நீரோட்டங்களை ஒட்டி மனிதர் வாழ்ந்தது நேற்று இன்று நடந்ததல்ல. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அருகே தமிழகத் தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வில் நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், மணிகள் என ஆயிரக்கணக்கில் பொருட்கள் கிடைத்தன. கடலிலிருந்து வந்த சங்கை இங்கே அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள்.

9 ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஆண்டபோது வெட்டப்பட்ட எருக்கங்குடிக் கல்வெட்டு இன்னும் முக்கியமானது. சாத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த இந்தக் கல்வெட்டு, இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் என்ற தலைவன் ஏரி, குளங்கள் அமைத்ததையும் கோயில்கள் எடுத்ததையும் புகழ்கிறது. 'கிழவன்' என்றால் இங்கே வயதானவர் அல்ல. ஊருக்கு உரியவர், தலைவர் என்று பொருள். போரில் வென்றதைக் கல்லில் வெட்டிய காலத்தில், குளம் வெட்டியதையும் ஒரு பெருமையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பகுதிக் கோயில்களிலும் தண்ணீர் இருக்கிறது. தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள் என்று சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் ஆகிய ஐந்தையும் சொல்வார்கள். அதில் தாருகாபுரம்தான் நீர்த்தலம். ஐந்து ஊர்களுமே இந்த ஓடைகள் பாயும் வட்டாரத்தில் இருப்பவை.

குடிமராமத்து: பெருமையும் கசப்பும்

ஓடையையும் வரத்துக்காலையும் யார் தூர்வாரினார்கள்? ஊர்தான். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். முள் வெட்ட வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், மடையைச் சரி பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் குடிமராமத்து. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்ச நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று தனி ஆட்கள் இருந்தார்கள். அறுவடையில் அவர்களுக்கு நெல் அளக்கப்பட்டது.

இதை ஒரு பொற்காலம் மாதிரி எழுதுவது பலருக்கும் வழக்கம். ஆனால் முழுக் கதை அதுவல்ல. வேலை எல்லோருக்கும் சமமாக இல்லை. நிலம் உள்ளவர் ஒருவர், சேற்றில் இறங்கியவர் வேறொருவர். வெள்ளத்தில் உடையப் போகும் மடைக்குள் மூழ்கியவர்கள் பெரும்பாலும் நிலமே இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். ஊர் கூடி உழைத்தது உண்மை. அந்த உழைப்பில் கட்டாயம் இருந்ததும் உண்மை.

1801-ல் கம்பெனி ஆட்சி முழுமையாக வந்தது. 1803-ல் திருநெல்வேலிச் சீமைப் பாளையங்கள் ஜமீன்களாயின. இந்தப் பகுதியில் சேத்தூரும் சிவகிரியும் ஜமீன்கள். வரி வாங்குவதில் இருந்த அக்கறை கண்மாயைப் பராமரிப்பதில் இருக்கவில்லை என்பதுதான் அந்த நூற்றாண்டில் மாகாணம் முழுக்க ஒலித்த புகார். குடிமராமத்து தளர்ந்ததும், 1858-ல் சென்னை மாகாண அரசு ஒரு சட்டமே கொண்டு வந்தது. வழக்கமான வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்கலாம் என்றது அது. வழக்கம் செத்த பிறகு சட்டம் அதை உயிர்ப்பிக்குமா? முடியவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தையே சூறையாடியது. அதன் பிறகுதான் 1883-ல் கண்மாய், ஏரிகளை அளந்து சீர்ப்படுத்தும் திட்டம் தொடங்கியது. ஒரு பஞ்சம் வந்து சொன்ன பிறகுதான் கண்மாய் அரசின் கண்ணில் பட்டது!

பருத்தியும் கிணறும்

இதே காலத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்திக்குத் திடீர் விலை. கரிசல் நிலம் பணம் காய்க்கும் நிலமானது. மானாவாரியாக விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்கு ஓடைத் தண்ணீர் தேவையில்லை. கரிசலின் ஈரமே போதும். 1900-களின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்தியோ பாசனம் கேட்டது. அதனால் கிணறுகள் பெருகின. கமலை கட்டி மாடுகள் இறைத்தன. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கினார். ஊர் ஆலை நகரமாக வளர்ந்தது.

கமலை போய் ஆயில் எஞ்சின், அது போய் மின்சார மோட்டார். 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகவும் ஆனது. சிறு விவசாயிக்கு இது பெரிய விடுதலை. தண்ணீருக்காக யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம், மேல் சாதிக்காரர் மடை திறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. தன் கிணற்றில் தண்ணீர் இருப்பவருக்கு ஊர் ஓடை எதற்கு? அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் தருவதே ஓடைதான் என்பது மறந்துபோனது. இருப்பை எல்லோரும் எடுத்தார்கள், வரவை யாரும் பார்க்கவில்லை.

நிர்வாகமும் பிரிந்தது. 1948 சட்டப்படி ஜமீன் ஒழிந்து, கண்மாய்கள் அரசிடம் வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. மலைப்பகுதி வனத்துறைக்கு. புறம்போக்குக் கணக்கு வருவாய்த் துறைக்கு. மேல் கண்மாய் ஒரு துறை, கீழ் கண்மாய் இன்னொரு துறை, இரண்டையும் இணைக்கும் ஓடை...? அது யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டலாம்.

முள் வந்த கதை

பொறுப்பாளர் இல்லாத இடத்தில் குடியேறியது சீமைக்கருவேலம். விறகுப் பஞ்சத்துக்குத் தீர்வாக 1870-களில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து இந்தியாவில் வளர்க்கத் தொடங்கினார்கள். பிறகு வறண்ட ராமநாதபுரம் சீமை முழுக்கப் பரவியது. ஆடு மாடுகள் இதன் நெற்றை விரும்பித் தின்னும். விதை சாணத்தோடு போய் விழுந்த இடத்தில் முளைக்கும். இலையை மட்டும் எதுவும் தின்னாது. மண் தேங்கிய ஓடைக்கு இதைவிடப் பெரிய எதிரி உண்டா? தண்டும் முள்ளும் குப்பையைப் பிடிக்கும், குப்பை மண்ணைப் பிடிக்கும், ஓடை மேடாகும். புதருக்குள் காட்டுப்பன்றி தங்கி இரவில் மக்காச்சோளத்தில் இறங்கும்.

வெட்டித் தள்ளிவிட்டால் போயிற்று என்று சொல்வதும் சுலபம். பருத்தியும் மழையும் பொய்த்த வருடங்களில் விறகு வெட்டியும் கரிமூட்டம் போட்டும் பிழைத்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென் மாவட்டங்களில் வேகமாக வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடங்களில் மறுபடியும் துளிர்த்தது. 2022-ல் தமிழக அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்டிய இடத்தில் என்ன வளர்ப்பது என்ற கேள்விக்கும் பதில் சொன்னால்தான் அது பலிக்கும்.

வெளியூர்த் தண்ணீரா? உள்ளூர் ஓடையா?

தண்ணீர் குறைந்தபோது எல்லோர் பார்வையும் மலைக்கு மேலே போனது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிவகிரி, வாசுதேவநல்லூருக்கு மேலே மலையில் இருக்கும் செண்பகவல்லி அணைக்கட்டு, 18 ஆம் நூற்றாண்டில் திருவாங்கூர் சமஸ்தானமும் சிவகிரி ஜமீனும் உடன்பட்டுக் கட்டியது. மேற்கே போகும் தண்ணீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பியது. 1960-களில் அது உடைந்தது. சீரமைக்க வேண்டும் என்ற கோரிக்கை இரண்டு மாநிலங்களுக்கு நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் இழுபறியாகவே இருக்கிறது.

அதைவிடப் பெரியது பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்பு. ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீரை வைப்பாற்றுப் படுகைக்குக் கொண்டு வந்து 91,400 ஹெக்டேருக்குப் பாசனம் தருவது என்பது தேசிய நீர் மேம்பாட்டு முகமையின் திட்டம். கேரளம் ஒப்புக்கொள்ளவில்லை. குட்டநாட்டு வயல்களும் வேம்பநாட்டுக் காயலும் பாதிக்கும் என்பது அவர்கள் வாதம். இங்கே கரிசல் விவசாயிக்கு அது வீணாகக் கடலுக்குப் போகும் தண்ணீர். அங்கே உள்ள விவசாயிக்குக் கடல் உப்பைத் தடுத்து நிறுத்தும் தண்ணீர். இரண்டு பேரும் விவசாயிகளே.

இந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ஒரு விஷயம் மாறாது. மலையைத் தாண்டி வரும் தண்ணீரும் கடைசியில் இதே ஓடை, இதே வரத்துக்கால், இதே கலுங்கு வழியாகத்தான் வயலுக்கு வர வேண்டும். வாசலை அடைத்துவிட்டு விருந்தாளியை அழைத்து என்ன பயன்?

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் குளங்கள் உடைந்து ஊர்கள் மூழ்கின. அவ்வளவு மழையை எந்த ஓடையும் தாங்காதுதான். ஆனால் ஓடை குறுகிய இடத்தில் சேதம் கூடியதையும் மறுக்க முடியாது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் மருந்து ஒரே இடத்தில் இருக்கிறது.

2007-ல் கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டம் வந்தது. 2017-ல் தமிழக அரசு 'குடிமராமத்து' என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. நூறு நாள் வேலையிலும் பல ஊர்களில் வரத்துக்கால்கள் தூர்வாரப்பட்டன. அந்த வேலையில் கட்டாயம் இல்லை, கூலி உண்டு. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பழைய குடிமராமத்தில் இல்லாத நியாயம் அது. பழையதில் இருந்து இதில் இல்லாமல் போனது ஒன்று: மறு வருடமும் அதே ஓடையைப் பார்க்க அதே ஆட்கள் வருவார்கள் என்ற நிச்சயம். ஒரு முறை தூர்வாரி போட்டோ எடுத்தால் முடிந்துவிடும் வேலை இல்லையே இது. கணக்கு எழுதுவதைப் போல, ஒவ்வொரு வருடமும் செய்தால்தான் கணக்கு.

எருக்கங்குடியில் பேர் வெட்டப்பட்ட அந்தத் தலைவன் வெட்டியது ஒரு குளமாக இருக்கலாம். அதற்குப் பிறகு ஆயிரம் வருடம் அத்தகைய குளங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தவர்கள், மழைக்கு முன்னால் மண்வெட்டியோடு ஓடையில் இறங்கிய பேர் தெரியாத மனிதர்கள். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

அடுத்த ஐப்பசியில் இராஜபாளையத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் போக நேர்ந்தால், சோழபுரம் பக்கம் ஏதாவது ஒரு சின்னப் பாலம் வரும்போது ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பாருங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். வந்தால் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.